எண்பத்தெட்டும் ஒரு டம்ளர் டீயும்

'மூன்றாம் மாடிக் கழிவறையில் தண்ணீர் வராது. இரண்டாம் மாடிக்குச் செல்லவும்.'

கதவில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பை முதல் முறை படித்தபோது மைக்காரருக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது பயம் வந்தது. அதற்குத் தண்ணீர் காரணமில்லை, தாள்தான் காரணம்.

அலுவலகத் தாள் எப்போதும் நீலம் போட்டு வெளுத்த சட்டை மாதிரி பளீரென்று இருக்கும். இது கொஞ்சம் மங்கலாக இருந்தது. அந்த மங்கல் மைக்காரருக்குத் தன் முகத்தைவிட நன்றாகத் தெரியும். ஏழு தாள் ஆலைகளோடு சண்டை போட்டு அதை வரவழைத்தவரே அவர்தான்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனா அளவு ஊதா விளக்கை எடுத்து, தாளின் மூலையில் அடித்தார். அதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில் பச்சையாக 88 என்று எரிந்தது.

"போச்சுடா," என்றார் மைக்காரர்.

அது பாதுகாப்பு அச்சகம். மருந்துப் பெட்டி முத்திரை, படிப்புச் சான்றிதழ் என்று, போலி வந்துவிடக் கூடாதது எல்லாம் அங்கேதான் அச்சாகும். அங்கே மை தயாரிப்பவர் என்பதால் அவர் எல்லாருக்கும் மைக்காரர். எட்டு வருடம் உட்கார்ந்து அவர் செய்த புது மை வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கில்தான் எரியும். உள்ளே இரண்டு உலோகங்கள். ஒன்று பச்சையாக எரியும், இன்னொன்று சிவப்பாக எரியும்.

யாராவது விளக்கம் கேட்டால் மைக்காரர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "உலோகம் தனியா விட்டா சுத்த சோம்பேறிங்க. வெளிச்சத்தைத் தானா வாங்கிக்கத் தெரியாது. சுத்தி நாலு மூலக்கூறு சொந்தக்காரங்க மாதிரி நின்னு, வெளிச்சத்தை வாங்கி இவன் வாயில ஊட்டணும். ஊட்டினா அப்புறம் என்னமா எரியறான் பாருங்க! அப்படியே என் மச்சான்!"

ரகசியம் அதோடு முடியவில்லை. விளக்கடித்தால் எல்லாத் தாளிலும் 88 என்றுதான் தெரியும். பச்சை அவ்வளவு பளிச்சென்று எரிவதால் நடுவில் இருக்கும் சிவப்புக் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடாது. தாளைக் கொஞ்சம் சூடாக்கினால் பச்சை அவிந்துவிடும், சிவப்பு நிற்கும். அந்தச் சிவப்புக் கோடுகளில் இருப்பதுதான் தாளின் நிஜ எண். போலி அடிப்பவன் விளக்கு வாங்கலாம். சூடு காட்ட வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்படி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்ட பன்னிரண்டு மாதிரித் தாள்கள் மைக்காரரின் அலமாரியில் இருந்தன. இன்று மாலை நான்கு மணிக்குத் தணிக்கை அதிகாரி அவற்றை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், இனி நாட்டில் அச்சாகும் மருந்து முத்திரை அத்தனையிலும் மைக்காரரின் மை. போடாவிட்டால் எட்டு வருடமும் குப்பை.

மைக்காரர் தன் அறைக்கு ஓடினார். சாவி போட்டு அலமாரியைத் திறந்தார். கோப்பு இருந்தது. உள்ளே தாள் ஒன்றுகூட இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே விதி இருக்கிறது. 'ஒரு தாள் குறைந்தாலும் அந்த நிமிடமே மணியை அடிக்க வேண்டும். வாசல்கள் மூடப்படும். கிடைக்கும்வரை ஒருவரும் வெளியேற முடியாது.' விதிப் புத்தகத்தில் அதுதான் முதல் விதி. எழுதியவர் மைக்காரர். கொட்டை எழுத்தில் போடச் சொல்லி அடம்பிடித்தவரும் அவரே.

மணி கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் இருந்தது. மைக்காரர் அதைப் பார்த்தார். அடித்தால் மாலைத் தணிக்கை ரத்து. அது மட்டுமா? அலமாரியின் மாற்றுச்சாவி இருப்பது ஒரே ஒருவரிடம். அலுவலக எழுத்தர். மைக்காரரின் மனைவியின் தம்பி. சிபாரிசு பண்ணி வேலை வாங்கிக் கொடுத்தவரும் மைக்காரர்தான்.

'பன்னிரண்டு தாள். கட்டடத்தைவிட்டு எங்கே போய்விடும்? மதியத்துக்குள் பிடித்துவிடலாம். இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று மணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வேலையாகக் கழிவறை அறிவிப்பைக் கிழிக்காமல் உரித்து எடுத்துக்கொண்டார். ஐந்தாவது நிமிடம் உள்ளேயிருந்து மேலாளரின் குரல் கேட்டது.

"யாருய்யா அங்க? தண்ணி வரல! கண்ணெல்லாம் சோப்பு!"

மைக்காரர் அதற்குள் கீழே போய்விட்டார்.

மச்சானுக்கு நாற்பது வயது, பாதி வழுக்கை, இரண்டு பிள்ளைகள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், மெஷின்ல பேப்பர் யாரு வச்சது?"

"தெரியாது மாமா. காலைல பார்த்தேன், தட்டுல இருந்துச்சு. சரின்னு அடிச்சேன்."

"பேப்பர் தானா நடந்து வந்து உட்கார்ந்துச்சா?"

"எனக்கென்ன மாமா தெரியும்? என்ன ஆச்சு?"

"அது அச்சடிச்ச பேப்பர்!"

"வெள்ளையா இருந்துச்சே."

"வெள்ளையாத்தான் இருக்கும்! அதுதான் என் சாமர்த்தியம்!"

"உங்க சாமர்த்தியம் எனக்குத் தெரியலைன்னா அது என் தப்பா மாமா?"

மைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மாத்துச்சாவி?"

மச்சான் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். சாவி அரக்கு முத்திரையோடு உறைக்குள் இருந்தது. "ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, பாருங்க."

"பிரிச்சு மறுபடி ஒட்டத் தெரியாதா உனக்கு?"

"மாமா, எனக்குத் தபால்தலையே நேரா ஒட்ட வராது."

அது உண்மை என்று மைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் குற்றவாளி யார் என்று அவர் முடிவு பண்ணியாகிவிட்டது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் இருக்கேன். என்னென்ன அடிச்ச, சொல்லு."

மச்சான் விரல்விட்டு எண்ணினார். கழிவறை அறிவிப்பு ஒன்று. ஆபரேட்டரின் விடுப்புக் கடிதம் ஒன்று. துப்புரவு முறைப் பட்டியல் ஒன்று. ஸ்டோர்க்காரர் தன் பேத்திக்கு வண்ணம் தீட்டக் கேட்ட பொம்மைப் படம் இரண்டு. மேலாளரின் வரவேற்புரை நான்கு பக்கம். தொழிலாளர் சங்கத்தின் புகார் மனு இரண்டு பக்கம்.

"பதினொண்ணு ஆச்சு. பன்னிரண்டாவது?"

"மெஷின் கணக்கும் பதினொண்ணுதான் காட்டுது மாமா."

"மெஷின் பொய் சொல்லும். நான் கண்டுபிடிக்கறேன். ஆமா, புகார் மனுன்னியே, யார் மேல?"

மச்சான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

எந்தெந்த எண் திரும்பி வந்தது என்று பார்க்க மைக்காரருக்குச் சூடு தேவைப்பட்டது. அறைக்கு வந்து டீ சொன்னார். வழக்கமாக டீ கொண்டுவருபவர் விடுப்பில் போயிருந்ததால் நேற்றிலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசுவதில்லை. டீயை வைத்துவிட்டுப் போனதும், மைக்காரர் கதவைச் சாத்தி, கழிவறை அறிவிப்பின் மூலையை டம்ளரில் ஒட்டிப் பிடித்து விளக்கடித்தார். பச்சை மெல்ல அவிந்தது. சிவப்பில் 04 நின்றது.

"எப்பேர்ப்பட்ட மை!" என்று அந்த நிலையிலும் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆபரேட்டரின் விடுப்புக் கடிதம் மேலாளரின் மேசையில் இருந்தது. மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த லீவு லெட்டரை ஆபரேட்டர் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னார். பல்வலி சரியாப் போச்சாம்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. சாயங்கால ஷிப்டுக்கும் அவரையே இருக்கச் சொல்லிடுங்க."

அரை மணியில் ஆபரேட்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு பக்கக் கன்னம் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

"என் பல்லு எப்போ சார் சரியாச்சு? எனக்கே சொல்லாம?"

"நீங்க இன்னிக்குப் போகக் கூடாது. நாலு மணிக்கு நீங்க இல்லாம நடக்குமா? நீங்கதானே என் வலது கை!"

"வலது கை இருக்கட்டும் சார், கீழ்க் கடவாய்ப்பல்லு!" என்று கத்திவிட்டு ஆபரேட்டர் நேராகச் சங்கச் செயலாளரிடம் போய், புகார் மனுவில் பதினைந்தாவது கையெழுத்தைப் போட்டார்.

துப்புரவுப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்தது சுலபமாக முடிந்தது. அதற்குப் பிறகு யாருக்கு எந்த மாடி என்று தெரியாமல் நான்கு பேரும் முதல் மாடியையே பெருக்கினார்கள். ஸ்டோர்க்காரர் மட்டும் பொம்மைப் படங்களைத் தர மறுத்தார். "பேத்திகிட்ட யானை கொண்டு வரேன்னு சொல்லியாச்சு சார்." ஆகவே மைக்காரர் சாதாரணத் தாளில் தன் கையால் ஒரு யானை வரைந்து கொடுத்தார்.

ஸ்டோர்க்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். "இது யானைதானே சார்?"

"வேற என்ன?"

"இல்ல, பேத்தி கேட்பா. அதான் கேட்டு வச்சுக்கறேன்."

மத்தியானம் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். "என் தம்பியத் திருடன்னு சொன்னீங்களாம்?"

"நான் அப்படிச் சொல்லல. அவனக் காப்பாத்திட்டிருக்கேன்."

"நல்லாக் காப்பாத்துங்க. அவன் வேலைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா குடும்பத்தோட நம்ம வீட்டுக்குத்தான் வருவான். எனக்குச் சந்தோஷம். என் தம்பி, என் கண்ணு முன்னாலயே இருப்பான். உங்களுக்கு எப்படின்னு யோசிச்சுக்கோங்க."

மைக்காரர் யோசித்துப் பார்த்தார். மச்சான், மச்சான் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரே குளியலறை. உடனே எழுந்து சங்கச் செயலாளரைத் தேடிக் கிளம்பினார்.

சங்கச் செயலாளர் பைண்டிங் பிரிவில் வேலை செய்யும் உயரமான பெண்மணி. மனுவை அட்டையில் கிளிப் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார்.

"கொஞ்சம் குடுங்கம்மா, படிச்சுப் பார்க்கறேன்."

"தாராளமாப் படிங்க சார். ஆனா என் கையில இருந்தபடியே படிங்க."

மைக்காரர் கழுத்தை நீட்டிப் படித்தார். 'மைக்காரர் யாரையும் பேச விடுவதில்லை. எல்லாம் தனக்கே தெரியும் என்கிறார். தப்பு நடந்தால் அடுத்தவர் தலையில் போடுகிறார்.' காது சிவந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, தாள் வேண்டும்.

"நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க. பேனா குடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்."

"சார், இது உங்க மேலதான் புகார்!"

"அதனால என்னம்மா? நீங்கல்லாம் எட்டு மணி நேரம்தான் அந்த ஆளோட இருக்கீங்க. எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் அவரோடதான் பொழப்பு."

செயலாளர் அட்டையை நீட்டினார். மைக்காரர் பதினாறாவதாகக் கையெழுத்திட்டு, "மேலாளர்கிட்ட நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்," என்று தாள்களை உருவிக்கொண்டு நடந்தார். பின்னால் பைண்டிங் பிரிவே எழுந்து நின்று கைதட்டியது. மைக்காரர் திருந்திவிட்டார் என்ற செய்தி பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. திருந்திய மனிதரிடம் எல்லாரும் குறை சொல்ல வந்துவிட்டார்கள். அறை வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு டீ சொல்லி, ஒவ்வொரு டீயிலும் மேசைக்கடியில் ஒரு தாளைச் சூடாக்கி எண் பார்த்தார்.

"ஒரு டீயையும் நீங்க குடிக்கவே இல்லையே சார்," என்றார் டீ கொண்டுவந்த அம்மா. வரிசை கலைந்திருந்த சமயம். "தொட்டுப் பார்த்துட்டு அப்படியே வச்சுடறீங்க. நல்லா இல்லையா?"

காலையிலிருந்து அவரிடம் நல்லபடியாகப் பேசிய முதல் ஆள் அந்த அம்மாதான். மைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. ஒன்பது தாள்களை மீட்ட பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"டீக்கு என்னம்மா குறை? இங்க வாங்க, ஒரு அதிசயம் காட்டறேன்." தாளை டம்ளரில் ஒட்டி விளக்கடித்தார். "பார்த்தீங்களா? எண்பத்தெட்டு. இப்போ பாருங்க."

"அட! பச்சை போயிடுச்சே. பதினொண்ணுன்னு செவப்பா தெரியுது!"

"அதுதான் நிஜம். சூடு பட்டாத்தான் தெரியும். இது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்."

"இப்போ எனக்கும் தெரியும் சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்னம்மா, நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று மைக்காரர் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டுக் காலி தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்பது தாள்களில் மேலாளரின் உரையும் இருந்தது. 'பிழை திருத்தித் தருகிறேன்' என்று நான்கு பக்கங்களையும் வாங்கி வந்து, சாதாரணத் தாளில் மறுபடி அடித்துக் கொடுக்கும்படி மச்சானிடம் சொல்லியிருந்தார். அப்படி அடித்த புதுத் தாள்களில் இரண்டை இயந்திரம் தின்றுவிட்டது. மூன்று மணிக்குத் தணிக்கை அதிகாரி வந்து சேர்ந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். எல்லாரும் கூட்ட அறையில் நிற்க, மேலாளர் முதல் பக்கத்தைக் கம்பீரமாக வாசித்தார்.

"இந்த அச்சகம் இருபது ஆண்டுகளாக வளர்ந்து நிற்கிறது என்றால், அதில் அலட்சியத்துக்கும் பொய்க்கும்..." பக்கத்தைப் புரட்டினார். அது நான்காம் பக்கம். "...பெரும் பங்கு உண்டு. அவர்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி."

அதிகாரி மட்டும் கைதட்டினார்.

அது யானைதான் என்று ஸ்டோர்க்காரர் ஒருவழியாக ஒத்துக்கொண்டதும், மீதி இரண்டு பொம்மைப் படங்களும் கைக்கு வந்தன. மணி மூன்றே முக்கால். பதினொரு தாள்கள் மேசைமேல் இருந்தன. எல்லா எண்களையும் பார்த்தாகிவிட்டது. ஏழாம் எண் மட்டும் இல்லை. குப்பைத் தொட்டி, மேலாளரின் பெட்டி, மச்சானின் சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டார்.

"மாமா, இப்பவாவது மணிய அடிச்சுடலாமே?" என்றார் மச்சான். "என் பேரச் சொல்லிக்கோங்க, பரவாயில்ல. எட்டு வருஷம் உழைச்சிருக்கீங்க."

காலையிலிருந்து தான் திட்டித் தீர்த்த மனுஷன் இப்படிச் சொல்கிறானே என்று மைக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கணம் அவர் கை மணிவரைக்கும் போனது. பிறகு, இத்தனை தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு தாள் என்று தோன்றியது.

"உன்ன மாட்டிவிட மாட்டேன் மச்சான். என்ன நம்பு. அந்தக் கழிவறை அறிவிப்ப சாதா பேப்பர்ல இன்னொண்ணு அடி."

வாழ்நாள் முழுக்கப் போலியை ஒழிக்கப் பாடுபட்டவர், தன் கையால் ஒரு போலியைக் கட்டின் நடுவில் செருகினார்.

நான்கு மணிக்கு அதிகாரி கட்டைப் பிரித்தார். முதல் தாளைப் படித்தார். "மாதிரித் தாள் வெள்ளையா இருக்கும்னு சொன்னாங்க. இதுல விடுப்புக் கடிதம் இருக்கே?"

"சோதனை சார்," என்றார் மைக்காரர். "மேல என்ன அச்சு ஏறினாலும் ரகசியம் அழியக் கூடாது பாருங்க. அதனால நானே எல்லாத்தையும் மெஷின்ல போட்டு எடுத்தேன்."

"ஓஹோ. 'மைக்காரர் யாரையும் பேச விடுவதில்லை.' இதுவும் சோதனையா?"

"நிஜக் கடிதம் மாதிரி இருந்தாத்தானே சார் சோதனை."

"நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"எதையும் அரைகுறையா விட்டு எனக்குப் பழக்கமில்ல சார்."

"கழிவறை அறிவிப்பு மட்டும் ரெண்டு இருக்கே?"

"அது ரொம்ப முக்கியமான அறிவிப்பு சார். வேணும்னா எங்க மேலாளரக் கேளுங்க."

மேலாளர் அழுத்தமாகத் தலையாட்டினார். அதிகாரி மேலே இருந்த மூன்று தாள்களில் விளக்கடித்தார். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. பிறகு எண்ணினார். சரியாகப் பன்னிரண்டு. மைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். வாசலோரம் நின்ற மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கணக்கு சரியா இருக்கு," என்றார் அதிகாரி. "அறிக்கையும் எழுதியாச்சு. கையெழுத்து மட்டும் பாக்கி."

"போடுங்க சார். பேனா தரட்டுமா?"

அதிகாரி பேனாவை வாங்கவில்லை. கதவு திறந்து டீ கொண்டுவரும் அம்மா உள்ளே வந்தார். கையில் தட்டு இல்லை.

"டம்ளர அப்புறம் எடுத்துக்கலாம்மா, முக்கியமான வேலை நடந்துட்டிருக்கு," என்றார் மைக்காரர்.

அதிகாரி எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அந்த அம்மாவுக்கு நகர்த்திப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு மங்கலான வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்தார்.

"ஏழாம் நம்பர் இதோ இருக்கு சார், மத்த பதினொண்ணையும் காலைல நீங்க அலமாரியத் திறந்து போட்டுட்டு வராந்தால போன் பேசிட்டிருந்தப்ப எடுத்து மெஷின்ல வச்சது நான்தான், காணோம்னு நீங்க எத்தனை நிமிஷத்துல மணியடிக்கறீங்கன்னு பார்த்து எழுதறதுதான் இன்னிக்குத் தணிக்கையே."